பத்து லட்சத்துக்குக் குறைந்த தலைகள்

சலோமினோ கிராமம்
8 அக்டோபர் 1978

என் கூடப் பிறந்த வேன்யாவுக்கு,

அக்கா ஸ்தெபனீதா எழுதுகிறேன். நான் சுகம், பசு ஸோர்காவும் சுகம். கூரை மட்டும் ஒழுகுகிறது. அதைப் பற்றி எழுத வரவில்லை, ஆனாலும் ஒழுகுகிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அனுப்பிய தாள் கிடைத்தது. அதே வாரம் உன் அலுவலகத்திலிருந்து தோல்பையோடு ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். பெர்ம் நகரம் பத்து லட்சம் பேரைத் தொடப்போகிறதாம், கொஞ்சம்தான் குறைகிறதாம். சலோமினோவை நகரத்தோடு சேர்க்க நாங்கள் எல்லோரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். முன்வரிசையில் நம் ப்ரோஹர் கிழவன் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"குழாய்ல வெந்நீர் வரும் பெரியவரே," என்றார் வந்தவர்.

"கோஸிரெவோக்காரனுக்கும் இதையேதான் சொன்னீங்க," என்றான் ப்ரோஹர். "குழாய் வந்துச்சு. ஊரு போச்சு."

நான் எழுந்து, "மாடு?" என்று கேட்டேன்.

"நகர எல்லைக்குள்ள மாடு வெச்சுக்க முடியாதும்மா."

"எங்க இடுகாடு?"

"மூடிடுவாங்க. நகரத்துக்குன்னு பொது இடுகாடு இருக்கு. பஸ் வசதியெல்லாம் உண்டு."

"செத்தவளுக்கு எதுக்கய்யா பஸ்சு?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் பையை மூடிவிட்டார். ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. 'நீ போட்டால் ஊரே போடும்' என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கும் தெரியும். அதனால்தான் போடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். போர்முனையில் இருந்த அப்பாவுக்கு நான் எழுதிய கடிதங்களில் ஊர் எது என்று போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மாலட்டவ் நகரத்துக்குப் பக்கம் என்று; அப்போது பெர்முக்கு அதுதான் பெயர். ஒருநாள் காலையில் எழுந்தால் மறுபடியும் பெர்ம் என்கிறார்கள். பக்கத்து யெகத்தெரின்பூர்க் ஸ்வெர்த்லோவ்ஸ்க் ஆனது. நீஷ்னி நகரம் கார்க்கி ஆனது. சமாரா குய்பிஷெவ் ஆனது. இத்தனை பெரிய நகரங்களுக்கே தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. சலோமினோவுக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஒரே பெயர். அதைக் கொண்டுபோய் அவர்கள் கையில் நான் கொடுக்கவா?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்.

உன் அக்கா
ஸ்தேஷா


பெர்ம்
2 நவம்பர் 1978

அன்புள்ள ஸ்தேஷா அக்கா,

காலுறைக்கு நன்றி. உன் கடிதத்தை அலுவலகத்தில் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

அக்கா, கொஞ்சம் நிதானமாகக் கேள். மாஸ்கோவே முதலில் ஆற்றங்கரையில் மரவேலி போட்ட ஒரு மேடுதான். நோவோசிபிர்ஸ்க் என்ன? ஒரு ரயில் பாலம் கட்ட வந்த வேலைக்காரர்களின் குடிசைகள். எழுபது வருடத்துக்குள் பத்து லட்சம்! நம் பெர்ம் ஒரு தாமிர உலையைச் சுற்றி முளைத்தது. கிராமங்களைச் சேர்த்துக்கொள்ளாமல் எந்த நகரம் வளர்ந்திருக்கிறது?

பத்து லட்சம் என்பது வெறும் எண் அல்ல. அதைத் தொட்ட நகரத்துக்குத்தான் மெட்ரோ கேட்க வாய் உண்டு. கார்க்கியில் தோண்டுகிறார்கள். ஸ்வெர்த்லோவ்ஸ்க்கில் தோண்டப்போகிறார்கள். அங்கிருந்து வருகிற அதிகாரி என் மேசை முன் உட்கார்ந்து, "உங்க ஊர்ல இன்னும் டிராம்தானா?" என்று கேட்கிறான். இருபத்தொன்பது வருடமாக இந்த நகரத்தின் தலைகளை எண்ணுகிறேன். ஜனவரியில் நாடு முழுக்கக் கணக்கெடுப்பு. அதற்குள் முடித்துத் தருகிறேன் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னை நம்பித்தான் கொடுத்தேன்.

எனக்காக ஒரு கையெழுத்து.

உன் தம்பி
வெனியமீன்


சலோமினோ
3 டிசம்பர் 1978

என் வேன்யா,

காமா ஆறு உறைந்துவிட்டது. பன்றி அடித்தோம். உனக்குப் பெல்மெனிக் கொழுக்கட்டை பிடித்து வெளியில் உறைய வைத்திருக்கிறேன், ஒரு சாக்கு.

மெட்ரோ பற்றி எழுதியிருந்தாய். மண்ணுக்கு அடியில் போவதற்கு எனக்குச் செத்த பிறகு நிறைய நேரம் இருக்கிறது. அவசரம் இல்லை.

நகரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறாய். நான் இரண்டாம் வகுப்புதான். ஆனால் லெனின்கிராத் என் அடுப்புக்கு மேல் படுத்துக் கிடந்திருக்கிறது, தம்பி. நாற்பத்திரண்டில் அந்த நகரத்து நாடகக்காரர்கள், ஆட்டக்காரர்கள் எல்லோரும் போருக்குத் தப்பி இங்கே வந்திருந்தார்களே, அதில் கிளாஃபிரா என்று ஒருத்தி நம் வீட்டுக்கு உருளைக்கிழங்குக்காக வந்து, காய்ச்சல் கண்டு, மூன்று வாரம் அடுப்புக்கு மேலே இருக்கிற கதகதப்பான படுக்கை மேடையிலேயே கிடந்தாள். உனக்குப் பதினோரு வயது. அவள் கால் விரல்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவங்கள யாரோ சுத்தியலால அடிச்சிருக்காங்க" என்று நீ அழுதாய். அடித்ததல்ல, ஆடி ஆடி அப்படி ஆனது.

அவள் சொன்னாள்: பீட்டர் அரசன் சதுப்பில் அந்த நகரத்தைக் கட்ட ஊர் ஊராக ஆளை இழுத்துப் போனானாம். எத்தனை பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லையாம். அப்போது எண்ணவில்லை, இப்போது எண்ணுகிறீர்கள். இழுப்பது மட்டும் மாறவில்லை.

ஏன் மாட்டேன் என்கிறேன் தெரியுமா? மாட்டுக்காக, ஆமாம். இடுகாட்டில் அம்மா பக்கத்தில் எனக்கென்று விட்டு வைத்த இடத்துக்காக, அதற்கும் ஆமாம். எல்லாவற்றையும்விட, என்னைக் கேட்க வேண்டியது நீ. தோல்பைக்காரனை அனுப்பினாய். ஆற்றைத் தாண்ட உனக்கு அரை மணி நேரம். அம்மாவைப் புதைத்த பிறகு நீ வரவில்லை. நான்கு வருடம்.

கையெழுத்து இல்லை.

ஸ்தேஷா


பெர்ம்
5 ஜனவரி 1979

அருமை அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. நான் வந்திருக்க வேண்டும். படித்து வெட்கப்பட்டேன். கையெழுத்துப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

புத்தாண்டுப் பரிசாக உங்கள் ஊருக்கும் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் நாட்டியம் பார்க்க டிக்கெட் வாங்கியிருக்கிறேன். வரும் பதினாறாம் தேதி சாயங்காலம். பஸ் வரும். குளிரில் ராத்திரி திரும்ப வேண்டாம், தொழிலாளர் விடுதியில் படுக்கை போட்டுத் தருகிறோம், மறுநாள் காலை டிபன் முடித்துப் போகலாம். கிளாஃபிரா ஆடிய அதே மேடை, அக்கா. வாசலில் நிற்பேன்.

பெல்மெனி கொண்டு வா.

உன் வேன்யா


சலோமினோ
19 ஜனவரி 1979

வெனியமீன்,

நீ பாதியைத்தான் பார்த்தாய். மீதியை நான் சொல்கிறேன், உன் கணக்கில் அது வராது.

உன் கடிதத்தைப் படித்து நான் அழுதேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என்னைச் சேர்த்து அறுபத்து மூன்று பேர்; மற்றவர்களை நானே வீடு வீடாகப் போய்க் கிளப்பினேன். பெவ்ரோனியா தன் கல்யாணச் சால்வையை எடுத்துப் போட்டாள். அதில் பூச்சி அரித்த ஓட்டை மூன்று, அதை மறைக்க மூன்று ஊசிப்பூ. ப்ரோஹர் நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தாடியைச் சீவினான். பஸ்ஸில் பாட்டு வேறு.

விடுதியில் மூட்டையை வைத்தபோது சாவிக்காரப் பெண்ணின் கையில் பட்டியல் இருந்தது. எங்கள் பெயர்கள், பிறந்த வருடத்தோடு. நாட்டியம் பார்க்க வருகிறவளுக்குப் பிறந்த வருடம் எதற்கு?

"நாளைக்குக் காலைல கணக்கெடுக்கற பொண்ணு வர்ற வரைக்கும் யாரும் வெளிய போகாதீங்க," என்றாள் அவள்.

"எங்க ஊர்லயும் கணக்கெடுக்க வருவாங்களே?"

"வருவாங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு அடிக்கறப்ப யார் எங்க இருக்காங்களோ, அங்கதான் அவங்க தலை விழும். உங்க தலையெல்லாம் எங்களுக்கு." பாவம், பெருமையாகத்தான் சொன்னாள். "அப்புறம் உங்க ஊரைச் சேர்க்கறது சுலபமாம். ஏற்கெனவே நகரத்துல எண்ணின ஆளுங்கதானே!"

யாரிடமும் இதைச் சொல்லாமல் நாட்டிய அரங்கத்துக்கு வந்தேன். வாசலில் நீ என்னைக் கட்டிப்பிடித்தாய், நானும் கட்டிக்கொண்டேன். உன் கழுத்தில் சோப்பு வாசனை. ஒரு பாதி மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கிளாஃபிராவுக்காக. அந்தப் பெண்கள் ஆடினார்களே, அது பொய்யில்லை. அதை உன் பெயரில் சேர்க்க மாட்டேன்.

இடைவேளையில் தின்பண்டக் கடை ஓரமாக எல்லோரையும் கூட்டிச் சொன்னேன்.

"அப்போ ரெண்டாவது பாதி?" என்றாள் பெவ்ரோனியா. "அந்த இளவரசன் கடைசில என்ன ஆவான்?"

"எவளையாவது கட்டிக்குவான். பூட்ஸை மாட்டு."

"ஏன்டி, கை தட்டிட்டாவது போலாமே!"

"ஊருக்குப் போய்த் தட்டு."

பஸ் ஓட்டுநர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் ப்ரோஹர், "ஆறு உறைஞ்சுதானே கிடக்கு. நான் பெர்லின் வரைக்கும் நடந்தவன்டா," என்றான். நடந்தது முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால், நல்ல காலோடு. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கழற்றிக் கொடுத்த கோட்டுகளைத் திரும்ப வாங்குகிற இடத்தில் நீ ஓடிவந்து அங்கிருந்த பெண்ணிடம், "நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஒரு கோட்டும் குடுக்கக் கூடாது!" என்று கத்தினாய். என் தம்பி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி குளிரில்.

"குடுக்காத பொண்ணே," என்றேன் நான். "அறுபத்து மூணு பேரும் இப்படியே நடக்கறோம். நாளைக்கு இவரு வந்து ஆத்து மேல எண்ணிக்கட்டும். படுத்துக் கிடந்தா எண்ணறது சுலபம்."

அவள் உன்னைப் பார்க்கவேயில்லை. கோட்டுகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். எங்களைப் பார்த்து மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

கரை வரைக்கும் நீ வந்தாய், தொப்பி இல்லாமல். "நீ போனா எனக்கு இனிமே அக்காவே கிடையாது!" என்றாய். காதில் விழுந்தது. திரும்பவில்லை.

இது நீ பார்க்காதது: ப்ரோஹரை விடுதி வாசலில் கிடந்த குழந்தைச் சறுக்குவண்டியில் உட்கார வைத்து இழுத்தோம். ஆற்றின் நடுவில் கயிறு அறுந்தது. பெவ்ரோனியா தன் கல்யாணச் சால்வையை முறுக்கிக் கட்டினாள். கிழவன் வண்டியில் உட்கார்ந்தபடி, "இழுங்கடி, அரசாங்கம் துரத்துது!" என்று விரட்டினான். பயந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு ஊர் நாய்கள் குரைக்கிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு அடித்தபோது அறுபத்து மூன்று தலையும் அவரவர் தலையணையில்.

மூன்று பேருக்குக் காது உறைந்துவிட்டது. வாத்துக் கொழுப்பு தடவினேன். ஒருவரும் திட்டவில்லை.

ஸ்தெபனீதா


பெர்ம்
26 பிப்ரவரி 1979

ஸ்தெபனீதா இக்னாத்தியெவ்னா,

எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொடவில்லை. ஆயிரத்துக்கும் குறைவான தலைகள் போதாமல் நின்றுவிட்டது. உங்கள் கிராமத்தைச் சேர்க்கும் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

என்னைப் பிரிவுத் தலைமையிலிருந்து இறக்கி, அடித்தளத்தில் எண்ணி முடித்த கணக்கெடுப்புத் தாள்களைக் கட்டுகிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு நகரத்தின் ஆசையை ஒரு ஊர் கெடுத்துவிட்டது.

இனி எழுத வேண்டாம். கரையில் சொன்னது சொன்னதுதான்.

வெ. இ.


சலோமினோ
11 மார்ச் 1979

என் வேன்யா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

ஸோர்கா கன்று போட்டாள், கிடாரி. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

உன் வேலை போனதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. உன் மேலிடத்தார் வந்து கேட்டால் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வேன், வேறு யாரையாவது திட்டுங்கள், எங்கள் பையன் கெட்டிக்காரன், அறுபத்து மூன்று கிழடுகளை நாட்டியம் பார்க்க வைத்தவன் என்று. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கு மறுபடியும் பஸ் வந்தால் மறுபடியும் நடப்பேன். பெர்ம் பத்து லட்சம் ஆகட்டும், இருபது லட்சம் ஆகட்டும், தானாகப் பிள்ளை பெற்று ஆகட்டும். எங்களைத் திருடி ஆகக் கூடாது.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. கோபத்தில் மறைத்து வைத்திருந்தேன்.

பதினேழாம் தேதி காலையில் கணக்கெடுக்கும் பெண் நம் வீட்டுக்கு வந்தாள். மூக்கு சிவந்து, மை உறைந்து. பேனாவை அடுப்பில் காட்டி, டீயும் ஷாங்கி ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்தேன்.

"ராத்திரி இந்த வீட்ல இருந்தது எத்தன பேரு?"

"நான் ஒருத்தி."

"இந்த வீட்டு ஆளுங்க யாராவது தற்காலிகமா வெளிய போயிருக்காங்களா? அதுக்கும் தனியா ஒரு இடம் இருக்கு பாட்டிம்மா."

"ஒருத்தன் போயிருக்கான். என் தம்பி. வெனியமீன் இக்னாத்தியெவிச். பொறந்தது முப்பத்தொண்ணு."

"எங்க போயிருக்காரு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"எப்ப போனாரு?"

"ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தொம்பது."

அவள் பேனாவைத் தூக்கிவிட்டாள். "பாட்டிம்மா, இருவத்தொம்பது வருஷத்தைத் தற்காலிகம்னு நான் எப்படி எழுதறது?"

"எழுதும்மா. அவன் திரும்பி வருவானா மாட்டானான்னு உன் தாளுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

எழுதினாள். நான் பக்கத்திலேயே நின்று, எழுத்துக் கூட்டிப் படித்து, சரிதான் என்று பார்த்துக்கொண்டேன். இப்போது நீதான் அடித்தளத்தில் அந்தத் தாள்களைக் கட்டுகிறாய் என்கிறாய். தேடிப் பார். தப்பு என்றால் நீயே உன் கையால் அந்த வரியை அடித்துவிடு.

அக்கா
ஸ்தேஷா