விட்டத்தில் கட்டிய சேலை

அண்ணி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் சேலையின் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அடுப்பு மூட்டவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. நாற்காலியில் ஏறி, நீங்கள் விட்டத்தில் கட்டிவிட்டுப் போன தொட்டிலைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் படுக்கிற தொட்டில் அது. அவள் மாதத்துக்கு மாதம் கனக்கிறாள். முடிச்சு அசையவில்லை. சேலை முகத்தில் பட்டபோது உங்கள் வாசனை வந்தது. வெற்றிலையும் தைலமும் பால்மாவும் கலந்த வாசனை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. நானும் வேண்டுமென்றே சோப்பை அதிகம் போட்டுத்தான் துவைக்கிறேன்.

இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். உங்கள் கருமாதியில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை நீங்கள்தான் ஆட்டித் தூங்க வைத்தீர்களாம். உண்மைதான். மற்றப் பாதியில் என் மகள் இருந்தாள் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் அன்று வாயை மூடிக்கொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இன்று சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து, உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராதான் உங்கள் ராஜ்யம். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், நடுவில் நீங்கள். ஒரு தொட்டிலைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டுவீர்கள். என் நிரோஷிக்கு அப்போது நாலு வயது. அவளை உங்களிடம் விட்டுவிட்டு நான் புளத்கொகுபிட்டிய பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போவேன். அப்பாவின் கூடப்பிறந்த சொந்த அத்தை இருக்கிறாள், எனக்கென்ன கவலை என்று நினைத்திருந்தேன். அவள் பேச்சு பிந்தியிருந்தது. நாம் சொன்னதன் கடைசி வார்த்தைகளையே திருப்பிச் சொல்வாள். அந்த வருஷம்தான் கழுத்தை ஒரு பக்கமாக வெட்டி இழுக்கவும், தொண்டையிலிருந்து ‘ஹுக்’ என்று ஒரு சத்தம் போடவும் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் நான் அவளைக் கூட்டிப்போக வந்தபோது, கூடையோடு நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நீங்கள் சொன்னீர்கள்: “டீச்சர், நாளையிலருந்து புள்ளைய வீட்டுலயே வச்சிக்கிங்க. மத்த புள்ளைங்களும் இவள மாதிரி கழுத்த வெட்ட ஆரம்பிச்சிருச்சுங்க. நீங்கதான் படிச்சவங்களாச்சே, பாத்துக்குவீங்க.”

என் பெயரைச் சொல்லி ஒருநாளும் நீங்கள் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு காரத்தை வைக்கலாம் என்று உங்களிடம்தான் பார்த்தேன். மறுநாளிலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அத்தையே வேண்டாம் என்று சொன்ன பிள்ளைதானே. “பிஸ்ஸு, பிஸ்ஸு” என்று, பைத்தியத்துக்குரிய சிங்களப் பேரை வைத்து அவள் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். சின்னக் கற்களும் வந்தன. உங்கள் தம்பி கடைத்தெருவில் மகளோடு நடக்கும்போது, அவள் சத்தம் வெளியே கேட்காதபடி இருமிக்கொண்டே நடப்பார். நெஞ்சில் சளி என்று ஊரே நினைத்தது.

கேகாலை ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த டொக்டர் அம்மா சிங்களத்தில் நிதானமாக விளங்கப்படுத்தினார். ஓட்டிசம் என்பது நிச்சயம். கழுத்து வெட்டுவதும் சத்தமும் டூரெட் என்கிற இன்னொன்றாகவும் இருக்கலாம், கொஞ்சக் காலம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அவள் அதை வேண்டுமென்று செய்வதில்லை, தும்மல் வருவதைப் போலத்தான். நிறுத்து என்று அதட்டக்கூடாது, சொல்லிக் காட்டக்கூடாது. பயமும் கூட்டமும் பெரிய சத்தமும் அதைக் கூட்டிவிடும். திரும்பி வந்து இதையெல்லாம் உங்களிடம் ஒப்பித்தேன். நீங்கள் வெற்றிலையைக் குதப்பியபடி கேட்டுவிட்டு, ஊசி போட்டால் நிற்குமா என்றீர்கள். நிற்காது என்றேன். “அப்புறம் எதுக்கு டொக்டரு?” என்று சிரித்தீர்கள். உங்கள் தம்பியும் சேர்ந்து சிரித்தார்.

அவளுடைய பத்தாவது வயதில் வந்த அம்மன் திருவிழாவை நான் மறக்கப் போவதில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, ரோட்டு முடக்கில் தப்பும் உறுமியும் கேட்டன. நிரோஷி வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். வீடு திறந்து கிடந்தது. கோயிலுக்கு ஓடினேன். தப்புக்காரர்களுக்கு நடுவில், நெற்றி நிறையத் திருநீறும் வாயில் வேப்பிலையுமாக என் மகள் நின்றாள். அவள் கைகள் காதைத் தேடிப் போகப் போக நீங்கள் அதைப் பிடித்து இறக்கினீர்கள். கழுத்து வெட்டியபடியே இருந்தது. ‘ஹுக், ஹுக்’ என்று விடாமல் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கூட்டம் கையை உயர்த்திக் கும்பிட்டது. “ஆத்தா வந்துட்டா, அடி நல்லா!” என்று நீங்கள் தப்புக்காரர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்.

மேல்லயத்து அம்மா ஒருத்தி காலில் விழுந்தாள். கொழும்பில் கடையில் வேலைக்குப் போன அவள் மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. “எம் மகன் வருவான்னு சொல்லு ஆத்தா, வருவான்னு சொல்லு,” என்று அழுதாள்.

“வருவான்னு சொல்லு,” என்றாள் நிரோஷி.

எதைக் கேட்டாலும் அவள் அப்படித்தான் திருப்பிச் சொல்வாள் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர் நீங்கள். ஆனால் கூட்டத்தின் பக்கம் திரும்பி, “கேட்டீங்கல்ல? வருவான்னு சொல்லிருச்சு” என்றீர்கள். அடுத்த மாதமே அந்தப் பையன் புதுச் சப்பாத்துக் காலோடு வந்து நின்றான். அதோடு முடிந்தது என் பேச்சு.

அதற்குப் பிறகு அவளை யாரும் பிஸ்ஸு என்று சொல்லவில்லை. அதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லெறிந்த பிள்ளைகளின் அம்மாமார் வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றார்கள். உங்கள் தம்பி இருமுவதை நிறுத்திவிட்டார். நிமிர்ந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். ஆனால் அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அவள் கழுத்து வீங்கி, சோறு விழுங்க முடியாமல் கிடந்ததை எலுமிச்சம்பழம் கொண்டுவந்தவர்கள் பார்க்கவில்லை. தகரத்தில் மழை விழுந்தால்கூட எழுந்து சுவரில் தலையை முட்டினாள். இது சாமி இல்லை, ஓட்டிசம் என்று நான் சொன்னபோது, “ஆத்தாவ வீட்டுல வச்சிக்கிட்டு அப்படிப் பேசாதீங்க டீச்சர், நாக்கு அழுகிரும்” என்றீர்கள். அடுத்த வருஷமும் கொண்டுபோனீர்கள். என்னைத் தடுத்து நிறுத்தியவர் உங்கள் தம்பி. ஒரு நாள்தானே என்றார்.

அந்த இரண்டாவது திருவிழாவுக்கு மறுநாள் நீங்கள் உங்கள் பழைய சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தீர்கள். என்னிடம் எதுவும் கேட்காமல் நாற்காலியில் ஏறி விட்டத்தில் தொட்டில் கட்டினீர்கள். சுவரில் முட்டிக்கொண்டிருந்த அவ்வளவு பெரிய பெண்ணைத் தூக்கி அதில் போட்டு, சேலையின் இரண்டு ஓரங்களையும் இழுத்து அவளை இறுக்கி மூடினீர்கள். ஒரு முனகல் வந்தது. பிறகு அதுவும் நின்றது. “இறுக்கிப் போட்டா எந்தப் புள்ளையும் அடங்கும். சாமியா இருந்தாலும்,” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் படித்துப் பார்த்துச் செய்த எதற்கும் அடங்காதவள், உங்கள் சேலைக்குள் மூச்சு சீராகி உறங்கினாள். அதற்காக உங்களை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

கடைசியாக நீங்கள் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொடுக்க வந்தேன். சாமியா இருந்தாலும் என்று அன்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: 

“சாமியுமில்ல, பேயுமில்லன்னு எனக்குத் தெரியாதா? எத்தன புள்ளைய பாத்தவ நான். நீ சொல்ற அந்த இங்கிலீசுப் பேர சொன்னா எவம்மா கும்புடுவான்? நான் சொன்னதுக்குக் கும்புட்டானுங்கல்ல. நீயும் எந்தம்பியும் போனப்புறம் அவள எவனும் கல்லால அடிக்கக் கூடாது. அத விட்டுறாத.”

அன்றுதான் முதல் தடவையாக என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை. நான் மிச்சக் கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கிழமையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

அதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள் அண்ணி. முன்பு இருந்த கோபம் உங்கள் அறியாமையின் மேல் என்று ஒருவாறு ஆறிக்கொண்டு வந்தது. தெரிந்தே செய்தீர்கள் என்றான பிறகு அது ஆற இடமே இல்லை. தெரிந்துகொண்டேதானே அவள் கையைக் காதிலிருந்து பிடித்து இறக்கினீர்கள். தெரிந்துகொண்டேதானே அடி நல்லா என்றீர்கள். இந்தத் தோட்டத்தில் அரைவாசிப் பேர் உங்கள் தொட்டிலில் மூத்திரம் பெய்தவர்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அன்று பிள்ளைக் காம்பரா வாசலில் கூடையோடு நின்ற அந்தப் பெண்களிடம், ‘இவ இப்படித்தான், இருந்துட்டுப் போகட்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையும் கேட்டிருப்பார்கள். பொய்யைச் சொல்லி அவர்களைக் கும்பிட வைக்க உங்களால் முடிந்தது. உண்மையைச் சொல்லி அவர்களைச் சும்மா இருக்க வைக்க ஏன் முயலவே இல்லை? குப்பை போல ஒதுக்கினீர்கள், பிறகு சாமி என்றீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளை நீங்கள் அந்தத் தொட்டிலில் போட்ட ஒரு நாள் மட்டும்தான் பார்த்தீர்கள்.

நேற்று வந்த தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கரகம் ஒவ்வொரு லயமாக, வாசல் வாசலாக வருமாம். எங்கள் வாசலில் ஆத்தாவைச் சேர்த்துக்கொண்டு கோயிலுக்குப் போகுமாம். பெரியம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று உங்களைத்தான் சொன்னார். பிறகு தொட்டிலுக்கு முன்னால் குனிந்து, “வருவீங்கல்ல ஆத்தா?” என்றார்.

“வருவீங்கல்ல ஆத்தா,” என்றாள் நிரோஷி. கழுத்து வெட்டியது.

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உங்கள் தம்பி, “சரிங்க தலைவரே, நான் கூட்டிட்டு வாறேன்” என்றார். தலைவர் போன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “திரும்பவும் கல்லு வரணுமா உனக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டது பொய்யில்லை. கல் வரலாம். என்னோடு படிப்பிக்கும் சிங்கள டீச்சர் மங்களிகா, ஒருமுறை இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லாவிட்டால் யார் சொல்வது’ என்று சாதாரணமாகக் கேட்டாள். அதற்கு நான் பதில் சொன்னதில்லை.

இன்று காலை முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நிரோஷியை மங்களிகா வீட்டில் கொண்டுபோய் விடுவேன். தப்புச் சத்தம் எட்டாத வீடு. மங்களிகாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மறுக்க மாட்டாள். இந்தச் சேலையை அவிழ்த்துக் கொண்டுபோய் அவள் வீட்டு விட்டத்தில் நானே கட்டுவேன். உங்கள் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துத் துவைத்ததில் அது என் கைக்கு வந்துவிட்டது. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். அதற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

பிறகு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். கதவைப் பூட்ட மாட்டேன். மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று, முறைப்படி கரகம் தூக்கி வருகிறவர் காலில் ஊற்றுவேன். ஆத்தா எங்கே என்று தலைவர் கேட்பார். தப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லா லயத்தாருக்கும் கேட்கும்படி சொல்லப் போகிறேன்: “இந்த வீட்டுல ஆத்தா இல்லங்க தலைவரே. எம் மகதான் இருக்கா. அவளுக்கு ஓட்டிசம். அவ இப்படித்தான் இருப்பா.”

இதை உங்கள் தம்பியிடம்கூட நான் சொல்லவில்லை.