தெளிவாக இருந்த எக்ஸ்ரே படம்

அக்கா,

இன்று காலை வார்டில் யாரோ யூகலிப்டஸ் தைலச் சீசாவைத் திறந்தார்கள். அதை நெஞ்சில் தேய்த்துக்கொண்டு நீ மூச்சுக்குத் திணறிய நாட்கள் முன்னால் வந்து நின்றன. கையிலிருந்த கட்டுத்துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ பாடம் நடத்திய பள்ளியின் மாடிப்படியில்தான் அது தொடங்கியது. இரண்டு வாரத்தில், தலை பின்னுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தாய். நான் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். ரிக்‌ஷாவில் உன்னை அங்கேயே கூட்டிப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கறையும் இல்லை. காசநோய் இல்லை, நரம்புத் தளர்ச்சிதான் என்றார். இரண்டு வருடத்துக்கு முன் உன் மார்பில் கட்டி எடுத்ததைச் சொன்னேன். தழும்பு நன்றாக ஆறியிருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

நானும் நம்பினேன். "பயந்தா மூச்சு வாங்கும்லா, அக்கா" என்றேன். அப்போதே உன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான் நடிக்கல தம்பி. காத்து உள்ள போவுது, போயும் பத்தல" என்றாய்.

அதன்பின் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. உன் கழுத்து நரம்புகள் புடைத்தன, கால்கள் வீங்கின. யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி மத்தியானம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"நான் போயிட்டா உள்ள பாக்கச் சொல்லு. என்னன்னு தெரியாம பொதைக்காதீங்க."

நீ போன பிறகு, எங்கள் ஊர் நிபோங் திபாலிலிருந்து வந்த அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. அறுத்த உடம்பையா கல்லறைக்குக் கொண்டுபோவது என்று அழுதார். நான்தான் அறுத்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

சில நாள் கழித்து அதே டாக்டர் என்னை மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தார். உன் நுரையீரலின் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களில் பழைய புற்றுக்கட்டியின் உயிரணுக்கள் கொத்துக் கொத்தாக அடைத்துக் கிடந்தன. படத்தில் தெரியாத அளவுக்குச் சின்னவை. எல்லாம் சேர்ந்து ரத்தத்தின் வழியை மூடியிருந்தன. "உன் அக்கா சொன்னதுதான் சரி" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

முன்பே தெரிந்திருந்தாலும் மருந்து இல்லை என்றார். அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. நீ பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பயத்தோடு உன்னைத் தனியாக விட்டவன் நான்.

இன்றும் மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் வந்து, படம் சுத்தமாக இருந்தால், கட்டுத்துணியைக் கீழே வைத்துவிடுகிறேன். முன்பு எங்கேயாவது கட்டி வந்ததா என்று கேட்கிறேன். அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.