தாடையில் ஏழு மயிர்

கட்டாரில் இருக்கும் மகனுக்கு வாப்பாவின் சலாம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி றிஸ்மியா எழுதுகிறாள்.

பாரிசவாதத்தில் விழுந்த உம்மாவுக்கு ஒன்றும் விளங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார், நான் வந்து என்ன பலன் என்று போனில் கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை கற்பிட்டிக் கரையில் ஒரு திமிங்கிலக் குட்டி ஒதுங்கியது. ஒரு வள்ளத்தின் நீளம் இருக்கும். ஊரார் கத்திப் பார்த்தார்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், அது அசையவில்லை. மௌத்து என்று முடிவு கட்டிக் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். கீழ்த்தாடையில் தும்பு போல ஏழு மயிர் இருந்தது. ஒவ்வொன்றாக விரலால் தடவினேன்.

"மூத்தாப்பா, சவரம் செய்யப் போறீங்களா?" என்று குழி வெட்டிய பொடியன் ஸுஹைப் சிரித்தான்.

மூன்றாவது மயிரைத் தொட்டதும் சுற்றியிருந்த தோல் துடித்தது.

"மம்பட்டிய வெச்சிட்டுக் கயிறக் கொண்டு வாடா. உசிர் இருக்கு" என்றேன்.

கடல் பெருகி வெள்ளம் ஏறியதும் இரண்டு வள்ளத்தில் கட்டி இழுத்தோம். ஆழத்துக்குப் போனதும் பெரிதாக மூச்சு விட்டு முங்கியது.

போனில் வரும் உன் குரலைத் தினமும் உம்மாவின் காதில் வைக்கிறோம். அசைவில்லை. ஆனால் நேற்று அவளுடைய புருவ மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவினேன். இமை துடித்தது. றிஸ்மியாவும் பார்த்தாள். டாக்டர் படித்தவர்தான். என் விரலும் பொய் சொல்லாது.

போனில் கை வராது, மகன். டிக்கட் எடு. நகத்தை வெட்டிக்கொண்டு வா.

உன் வாப்பா