நாடாவை அவிழ்த்தவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான் என்று எழுத மனசு வரவில்லை அம்மாடி.

தம்பிக்குக் கையில் அடி என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்கிறேன். மின்கம்பியில் உரசும் மரக்கிளையை வெட்டுவதுதானே எனக்கும் அவனுக்கும் வேலை. அதற்கு மின் கம்பெனி ஒரு விதி வைத்திருக்கிறது, கூடு இருக்கிற மரத்தில் பறவைகளைக் கவனிக்கும் அம்மாள் மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போவார், குஞ்சு பறக்கும்வரை ரம்பம் படக்கூடாது, அவசரமென்றால் அவர் வந்து கூட்டை இறக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காற்றில் நாடா கட்டிய கிளை ஒன்று கம்பியில் மோதி மூன்று தெருவுக்குக் கரண்ட் போனது, அதிகாரி போனில் காது கிழியக் கத்துகிறார், அந்த அம்மாளோ தான் வர ஒரு மணி நேரமாகும் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நாடாவை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தம்பியை மேலே ஏறச் சொன்னேன். பருந்துக்கூடு இருக்கிறதே அப்பா என்றான், குருவிக்குப் பயந்த பயலா நீ, ஏறுடா என்றேன்.

ரம்பம் ஓடியதுதான் தாமதம், தாய்ப்பருந்து முகத்தில் பாய்ந்து அவன் புருவத்தைக் கிழித்தது. கை நழுவி ரம்பம் இடது கையில் எலும்புவரை இறங்கியது. கீழே நின்ற என் தலையிலும் வாயிலும் அவன் ரத்தம். கிளை குஞ்சுகளோடு ரோட்டில் விழுந்தது. ஆட்கள் அவனை இறக்குகிறார்கள், நானோ பெற்ற பிள்ளையைப் பார்க்காமல், குஞ்சுகளிடம் இறங்கி வந்த அந்தப் பருந்தைக் கழியால் அடித்தேன், சிறகு ஒடிந்த பிறகும் அடித்தேன், அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தேன். எனக்குள் இப்படி ஒருவன் இருப்பது இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியாது.

நாடாவை அவிழ்த்தது யார் என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தம்பி, தானே அவிழ்த்ததாகச் சொல்லிவிட்டான். அப்பாவுக்கு ஓய்வுக்கு நாலு மாதம்தானே இருக்கிறது என்று நினைத்தானாம். நான் கால்மாட்டில் நின்று அவன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவனை வேலையைவிட்டு எடுக்கப் போகிறார்கள். கண்மண் தெரியாமல் வேலை செய்தாயே பாவி என்று அம்மா திட்டித் திட்டியே அவனுக்கு ஊட்டுகிறாள், அவனும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான். நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த டம்ளரை வீசினாள், எனக்கு நெற்றியில் மூன்று தையல்.

இன்று கம்பெனிக்குப் போய் உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் போகிறேன், வழியில் எனக்குப் புத்தி மாறினாலும் உனக்குத் தெரிந்திருக்கும்.

இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. தம்பிக்குப் போன் பண்ண மறக்காதே. உன்னிடமும் பழியைத் தன் தலையில்தான் போட்டுக்கொள்வான். நம்பாதே.

இப்படிக்கு
உன் அப்பா