விரிப்பின் மறுமுனை

அன்பு மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். என் முழங்கால் அதை ஒப்புக்கொள்ளாது, ஆனால் அதை யார் கேட்டார்கள். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதா, நீ அனுப்பும் படத்திலெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டே நிற்கிறாள். இடுப்பு வலியோடு பெட்டி தூக்கி வீரம் காட்ட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல், அப்புறம் நீதான் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் தம்பி மூன்று வாரமாக நாளைக்கு நாளைக்கு என்கிறான், அவனுடைய நாளை எப்போது வரும் என்று அடியில் வைத்த வாளிக்கும் தெரியவில்லை.

பாட்டி போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சலவைத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் அவளுக்கு நினைவுக் கூட்டம். உனக்கு லீவு கிடைக்காது என்றாய், சரி, அதற்காக நான் கோபப்படவில்லை, பட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ எழுதி அனுப்பியதை உனக்குப் பதிலாக மருந்துக்கடை மாமா படிக்கப்போகிறார். உன் தம்பி அதைத் தாளில் அச்செடுத்துத் தந்தான், அவன் பெண்டாட்டி சத்தமாகப் படித்தாள், பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, இது யாருக்கு நடக்கிற கூட்டம் என்று கேட்டேன். நீ எழுதியிருக்கிற அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. அவள் நம் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

அதிர்ந்து பேசாதவர் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆவி இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே முப்பது வருஷம் கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டால்கூட எதிர்வீட்டுக்காரி எடுத்து வந்து கொடுப்பாளே, மறந்துவிட்டாயா. யாரிடமும் குறை காணாதவர் என்று வேறு. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸ் பெண் படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாகச் செருகவில்லை என்று, படுத்தபடியே காலால் உதைத்து அவிழ்த்துவிட்டு மறுபடி செருகச் சொன்னாள். டாக்டர் வந்து, பாட்டி அமைதியா இருங்க என்றதற்கு, தம்பி நீ உன் ஊசியப் பாரு, விரிப்ப நான் பாத்துக்கறேன் என்றாள். தொண்ணூற்று நான்கு வயதில், மூக்கில் குழாயோடு. அந்த வார்டே சிரித்தது. அவளை எல்லாருக்கும் பிடித்ததே அந்த வாய்க்காகத்தான், நீ அந்த வாயைத் தைத்துவிட்டு மாலை போடுகிறாய்.

அதெல்லாம் போகட்டும், செத்தவர்களை நல்லவர்கள் என்று சொல்வது உலக வழக்கம். நாலாவது பத்தியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கல்வியின் அருமை அறிந்தவர், வீட்டில் ஒருவரைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நானே விரல் வைத்து நாலு தடவை படித்துப் பார்த்தேன், ஏதாவது சொல் விட்டுப்போயிருக்கிறதா என்று. ஒருவரைக்கூட என்றால் அவள் வயிற்றில் பிறந்த நான் யார். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆகிறது, அது ஏன் என்று உனக்குத் தெரியுமா. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, இப்போது கேட்டுக்கொள்.

எனக்குப் பத்து வயது. அன்று செவ்வாய்க்கிழமை. பாட்டியோடு ஜோடி சேர்ந்து விரிப்பு மடிக்கிறவள் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பெரிய விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலைக்கு மூலை சேர்க்க வேண்டும். நாளைக்கு ஆளோடு வா, இல்லாவிட்டால் நீயும் வராதே என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். உன் தாத்தா அப்போது எங்கே இருந்தார் என்று கேட்காதே, அவருக்கே தெரிந்திருக்காது. பாட்டி வீட்டுக்கு வந்து என்னையும் என் தம்பியையும், அதுதான் உன் மருந்துக்கடை மாமாவையும், சுவர் ஓரம் நிற்க வைத்துப் பார்த்தாள். மாமா குள்ளம், கை எட்டாது. நான் நெட்டை. அவ்வளவுதான், புத்திசாலி யார் என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு, கணக்கில் மாமா என்னைப் பார்த்துத்தான் எழுதுவார், இதையும் எழுதி வைத்துக்கொள். ரெண்டு மாசம்தான், அவ கை கூடினதும் நீ போயிடலாம் என்றாள் பாட்டி. வகுப்பில் ஆற்றைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது, மலையில் பிறந்து ஊருக்குள் வருகிற வரைக்கும் படித்திருந்தேன், அடுத்த பக்கத்தை நான் பார்க்கவில்லை. டீச்சர் கம்பி உடைந்த குடையோடு மழையில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார், பாட்டி வாசலை மறித்து நின்று, ரெண்டு மாசம் டீச்சர் என்றாள். மணிக்கட்டு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது, ஆனால் அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். நான் பதினாலு வருஷம் அந்த மறுமுனையைப் பிடித்தேன்.

உன்னைப் படிக்க வைத்தது அவள்தான், அதை நான் மறுக்கவில்லை. காய்ச்சலிலும் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் தள்ளிவிட்டு, மணி அடிக்கிற வரைக்கும் எதிர்ப்பக்கம் நின்றிருப்பாள். நீ அதைப் பாசம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது, பெற்ற மகள் மேலேயே பொறாமைப்பட்டேன், போதுமா. ஒரு நாள் கேட்டேவிட்டேன், எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தாய் என்று. அப்ப நான் ஒருத்தி, இப்ப நாம ரெண்டு பேரு என்றாள். அப்புறம் ஒரு மாதம் நானும் அவளும் பேசவில்லை. பேசாமலே தினமும் இருநூறு விரிப்பு மடித்தோம், மூலை ஒன்றுகூடப் பிசகவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அவளுக்கு வாய் மட்டும்தான் குறையவில்லை, வீட்டு ஆட்களின் அடையாளம் தெரியவில்லை, என்னை மேஸ்திரி என்று நினைத்துத் திட்டுவாள். ஆனால் போர்வையைத் தடவித் தடவி மூலையைத் தேடி எடுத்து என் பக்கம் நீட்டுவாள், நான் பிடித்தால்தான் அடங்குவாள். உன் தம்பி பெண்டாட்டி பிடித்தால் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். ஒரு மத்தியானம் அப்படிப் பிடித்திருந்தபோது, நெட்ட, நீ பிடிச்சாத்தான் நேரா வருது என்றாள். மன்னிப்புக் கேட்டாள் என்று அதை வைத்து நீ கதை கட்டாதே. மன்னிப்புக் கேட்கிறவளாக இருந்தால் மன்னிப்பு என்றே சொல்லியிருப்பாள், அவள் வாய்க்கு யார் பயம். நானும் மன்னிக்கவில்லை. ஆனால் நேற்று அவளுடைய கடைசி விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்தேன், ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி மடித்துப் பார்த்தேன், கோணலாக வந்தது, மூன்று தடவையும் கோணல். அப்படியே சுருட்டிக் கட்டிலில் போட்டிருக்கிறேன்.

அதனால் நான் சொல்கிறபடி நாலாவது பத்தியை மாற்று. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள், அந்தக் குழந்தை என் அம்மா என்று எழுது. நீ பிடித்தால்தான் நேராக வருகிறது என்றதையும் எழுது. இரண்டையும் எழுது, ஒன்றை விட்டால் மற்றது பொய். மாமாவிடம் சொல்லிவிட்டேன், அவர், அதெல்லாம் இப்ப எதுக்குக்கா, நாலு பேர் முன்னாடி நான் அதப் படிக்க மாட்டேன் என்கிறார். படிக்க வேண்டாம், அவருக்கு அன்றைக்கும் கை எட்டவில்லை.

குழாயைப் போல இதையும் நாளைக்கு என்று சொல்லாமல், உன் தம்பி இந்தக் கடிதத்தை இன்றே படம் பிடித்து அனுப்புவான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். பேத்தியைப் பல் இல்லாவிட்டாலும் சிரிக்கச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி அனுப்பு, மறக்காதே, எழுத்தைப் பெரிதாகப் போடு, வரிக்கு வரி இடம் விடு. நானே எழுந்து நின்று படிக்கப்போகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரம் பிடிக்கும், கூடத்தில் இருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். ரெண்டு மாசம் ஆகாது.

இப்படிக்கு,
உன் அம்மா