ஆறாவது கம்பி

மார்ச் 11, 2024

நைஸ் பிலிம் இன்றோடு தீர்ந்தது. தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று எக்ஸ்ரே பிலிமில் பார்த்துப் பார்த்தே பதினேழு வருடம் ஓட்டியவள் நான். இனி முரட்டு பிலிம்தான். பழையது மைதா என்றால் இது ரவை. 

மேனேஜர் தேசப்பன் சாருக்குக் கவலையே இல்லை. "இன்னும் ஒரு வருசம் தள்ளு சுகிர்தா. டிஜிட்டல் வந்துடும். ஜூம் பண்ணிப் பாத்துக்கினே இருக்கலாம்." படத்தில் விழாததை எவ்வளவு பெரிதாக்கினால் என்ன? 

மார்ச் 14

படம் எடுக்கும்போது வெல்டிங் மேல் ஏழு கம்பி வைப்பார்கள், ஒன்றைவிட ஒன்று மெலிசு. ஆறாவது தெரிந்தால்தான் அந்தப் படத்தை நம்பலாம்; இல்லையென்றால் திரும்ப எடுக்க வேண்டும். புது பிலிமில் ஐந்தோடு மங்கிவிடுகிறது. இன்று மட்டும் பதினொன்றைத் திருப்பினேன். எல்லோருக்கும் என்மேல் எரிச்சல்.

மார்ச் 19

பாய்லர் டிரம், பதினாலாம் ஜாயின்ட். வெல்டர் லோகு வைத்தது. டிரம்மை ஏற்ற லாரி வாசலில் நின்றது. சார் என் முதுகுக்குப் பின்னால். "ஆறு தெரியுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

தெரிந்தது. 'ஆறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓரத்தில் மயிரிழை போல ஏதோ கோடு — பிலிமின் ரவைதான்.

ரவைதான்.

மார்ச் 20

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

மே 27

அந்த டிரம் போன ஆலையில் பதினாலாம் ஜாயின்ட் விட்டுவிட்டது. ஆவி அடித்து ஆபரேட்டர் அன்புவுக்கு வலது கை முழுக்க வெந்துபோயிற்றாம்.

பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். கம்பி ஐந்துதான். ஆறாவது எங்கே இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். இல்லாத கம்பியை அன்று கண்ணே போட்டுக்கொண்டிருக்கிறது. கர்த்தரே, நான் பார்த்தது படத்தையா, பழக்கத்தையா? மயிரிழை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 3

படத்தில் தப்பில்லை என்று சார் எழுதிக் கொடுத்துவிட்டார். பழி வெல்டர் தலையில். லோகுவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவனே வந்து பேசினான். "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த எடத்த நோண்டிட்டு வேற வெல்டிங் வெச்சிருப்பேனேக்கா. ஒரு மணி நேர வேலை." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பாவி.

ஜூன் 4

ரிப்போர்ட்டில் 'ஆறு' என்பதை அடித்து 'ஐந்து' என்று எழுதினேன். கீழே, 'மயிரிழையைப் பார்த்தும் விட்டுவிட்டேன்.' இன்றைய தேதி, என் கையெழுத்து. சாருக்கு ஒரு நகல், அந்த ஆலைக்கு ஒரு நகல்.

"இன்னா காரியம் பண்ண? உன் சோத்துல நீயே மண்ணப் போட்டுக்கினியே" என்றார் சார். 

ஜூன் 18

காலை ஏழரைக்கு, இனி எனக்கில்லாத கம்பெனி பஸ் போனது. ஜன்னலோரம் லோகு, திரும்ப வேலைக்கு. என்னைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கையைக் காட்டினான்.

வேண்டாம் என்று தலையாட்டினேன்.