கதவின் உள்பக்கம்

மச்சான், நேற்று உன் வீட்டு முன்கதவைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டினேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். சூடுபட்ட பழைய பெயிண்டின் நாற்றம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. அதுதான் எழுத வைத்தது.

நீ செத்துப்போன பிறகு அந்தக் கதவு மூடவே இல்லை. மழைக்கு ஊதி, நிலையில் இடித்து நின்றுவிட்டது. உன் மனைவி, எனக்குத் தங்கச்சி, அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில் தனியாக, கதவுக்கு அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்துப் படுக்கிறாள். "தூக்கமே இல்லைங்க அண்ணே" என்றாள்.

கொட்டகலையில் பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கிறவன் நான். இடித்த பங்களாவிலிருந்து நீ வாங்கி வந்து மாட்டிய தேக்குக் கதவு அது. எத்தனை தடவை விலைக்குக் கேட்டிருப்பேன்! நீ சிரித்தே மழுப்புவாய்.

ஐப்பசி மழையில், பனிமூட்டத்துக்குள் நின்று, தீபாவளிக்கு முதல் நாள் பச்சைப் பெயிண்ட் அடிப்பாய். இங்கே எல்லோரும் செய்கிற பிழைதான். அடித்தது சரியாகக் காயாது. அடுத்த வருஷம் அதன் மேலேயே இன்னொன்று.

"உன் வயிறு மாதிரியே கதவும் பெருக்குதுடா" என்பேன்.

"பண்டிகைக்குப் புதுச் சட்டை நமக்கு மட்டுந்தானா? அதுக்கு வேணாமா?" என்பாய்.

நேற்று அந்தச் சட்டைகளைத்தான் உரித்தேன். மேல் பூச்சு சூட்டுக்குக் கொப்பளித்து வந்தது. அடுத்தவை ரப்பர் மாதிரி சுரண்டும் தகட்டில் சுற்றிக்கொண்டன. மரத்தை ஒட்டியது ஈயம் கலந்த பழைய பெயிண்டாக இருக்கலாம் என்று, அதைச் சூடாக்காமல், மூக்கைக் கட்டிக்கொண்டு நனைத்துச் சுரண்டினேன். ஓரங்களும் வெளிப்பக்கமும் முடிந்து தேக்கு தெரிந்ததும், உள்ளதைச் சொல்கிறேன், வியாபாரக் கண்தான் முதலில் விழித்தது. "புதுக் கதவு ஒன்னு போட்டுத் தாரேன் தங்கச்சி, இதை நான் எடுத்துக்கவா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் கதவைத் திருப்பிப் போடச் சொன்னாள். உள்பக்கம், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், போன தீபாவளிக்கு நீ அடித்த பச்சையில், காயுமுன் தொட்ட உன் விரல்கள் பதிந்திருந்தன.

"இதையும் சுரண்டுவீங்களா அண்ணே?"

தகட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்று காலை மாட்டினேன். ஒரு தள்ளலில் மூடிக்கொண்டது. பேசி முடித்தது இதுதான், மச்சான்: வெளிப்பக்கத்துக்கு மாசி வெயிலில் நான் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். கூலி ஒரு பிளேன்டீ. உள்பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. தங்கச்சி இருக்கும்வரை அந்தக் கதவை நான் விலைக்குக் கேட்கவும் கூடாது.